நெஞ்சறைக்கு ஒரு திறப்பு

திருகோணமலைக் கரையில் சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்கிப் பிழைக்கிற இளைஞர் ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். நெட்டை, ஒல்லி, இருபத்தைந்து வயது தாண்டவில்லை. சிகரெட் பழக்கம் உண்டு. ஒரு நாள் விடியற்காலை, கடலில்கூட இல்லை, வீட்டுக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நிற்கையில் வலப்பக்க நெஞ்சில் சுரீரென்று ஒரு குத்து. வாய்வுக் குத்து என்று இஞ்சியும் உள்ளியும் இடித்துக் கொடுக்கிறார்கள். மத்தியானத்துக்குள் பத்தடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது. ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனால், எக்ஸ்றே படத்தில் வலது நுரையீரல் காற்றுப் போன பலூனாகச் சுருங்கி நடுவே ஒட்டிக் கிடக்கிறது. அதைச் சுற்றி வெறும் கறுப்பு.

விலா இடுக்கில் ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டதும் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறுகிறது. மூச்சு சீராகிறது. அதன் பிறகு டொக்டர் கேட்பார்:

“தம்பிக்கு என்ன தொழில்?”

“சங்கு குளிக்கிறது, டொக்டர்.”

இந்தப் பதிலில் சிகிச்சையின் போக்கே மாறிவிடும்.

நுரையீரலின் உச்சியில் உண்டான சிறு கொப்புளம் ஒன்று வெடித்து, உள்ளே இருக்கவேண்டிய காற்று வெளியே கசிந்து, நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவே தேங்குவதுதான் இந்த நோய். நெட்டையான, மெலிந்த, புகைபிடிக்கிற இளைஞர்களிடம் இதை அதிகம் காணலாம். பழைய காசநோய்த் தழும்பு உள்ளவர்களுக்கும், ஆண்டுக்கணக்காகப் பீடி சுருட்டு பிடித்து நுரையீரல் நைந்துபோனவர்களுக்கும் வரும். முதல் தடவை வந்த இளைஞர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குத் திரும்பவும் வரும். கந்தோரில் இருந்து வேலை செய்கிறவருக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட நேரம் கிடைக்கும். பத்து மீற்றர் ஆழத்தில் நிற்கிறவருக்கு அது கிடையாது. அந்த ஆழத்தில் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே கசிந்து தேங்கிய ஒரு லீற்றர் காற்று, அவர் மேலே வந்து சேரும்போது இரண்டு லீற்றராகப் பெருத்திருக்கும். பெருக்கிற காற்று நுரையீரலை நசுக்கி, இதயத்தையும் மறுபக்கம் தள்ளும். அதனால்தான் இந்த நோய் ஒரு தடவை வந்தவர் நிரந்தரமான சத்திர சிகிச்சை செய்துகொள்ளாமல் மூழ்கவே கூடாது என்று பிரித்தானிய மார்பு வைத்தியர் சங்கத்தின் வழிகாட்டி சொல்கிறது. விமானிகளுக்கும் இதுபோன்ற கண்டிப்பு உண்டு.

அந்தச் சத்திர சிகிச்சையை இப்போது பெரும்பாலும் சாவித்துவாரம் எனப்படும் சிறு துளைகள் வழியாகத்தான் செய்கிறார்கள். திருகோணமலையில் சாவி என்று யாரும் சொல்வதில்லை. திறப்பு என்பதுதான் பேச்சு. வாய்க்கு வந்தபடி மொழிபெயர்த்தால் திறப்பு ஓட்டைச் சத்திர சிகிச்சை என்றாகும். நெஞ்சைப் பிளந்து திறக்காமல் செய்கிற வேலைக்குத் திறப்பு என்று பெயர் அமைவது ஒரு வேடிக்கை. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1867இல் தமிழில் சத்திர சிகிச்சை நூல் ஒன்றை வெளிக்கொண்டு வந்தபோது அதற்கு ‘இரண வைத்தியம்’ என்று பெயர் வைத்தார். இரணம் என்றால் புண். சிகிச்சைக்காக வைத்தியர் உண்டாக்குகிற புண்ணை எவ்வளவு சிறிதாக்கலாம் என்பதே அதற்குப் பிந்திய ஒன்றரை நூற்றாண்டின் கதை.

நெஞ்சாங்கூட்டைத் திறப்பது வயிற்றைத் திறப்பதைவிடக் கொடியது. வயிற்றில் தசை மட்டுந்தான். நெஞ்சிலோ விலா எலும்புகள் வேலிக் கம்பிபோல நெருங்கி நிற்கின்றன. பழைய முறையில் தோள்பட்டையின் பின்புறத்தில் தொடங்கி முன்பக்கம்வரை ஒரு சாண் நீளத்துக்கோ அதற்கும் கூடவோ வெட்டி, தசைகளை அறுத்து, இரண்டு விலாக்களுக்கு நடுவே உருக்குக் கருவியொன்றை வைத்து, லொறிக்கு ஜாக்கி அடிப்பதுபோலத் திருகித் திருகி அகட்டவேண்டும். சில வேளை விலா முறியும். ஒவ்வொரு விலாவின் அடிப்பக்கத்துப் பள்ளத்திலும் ஒரு நரம்பு ஓடுகிறது. அகட்டும்போது அது நசிகிறது. நோயாளர் மாதக்கணக்காக, சிலர் ஆண்டுக்கணக்காக, இருமினால் நோகுது, புரண்டால் நோகுது என்று சொல்வதற்கு இந்த நரம்பும் ஒரு காரணம். சாவித்துவார முறையில் தோல் காயம் குறுகியது என்பதைவிடப் பெரிய இலாபம் விலாவை அகட்டத் தேவையில்லை என்பதுதான். தழும்பின் நீளத்தை மட்டும் அளந்து பார்க்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சங்கு குளிக்கும் இளைஞருக்கு நடப்பது இதுதான். முழு மயக்கம் கொடுத்து இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைப்பார்கள். மூச்சுக் குழாயில் விடுகிற மயக்கக் குழாய்க்கு இரண்டு வழிகள். ஒன்று வலது நுரையீரலுக்கு, மற்றது இடதுக்கு. வலதுக்குப் போகிற வழியை அடைத்துவிட்டால் இடது நுரையீரல் மட்டும் மூச்சு விடும். வலது அடங்கிச் சுருங்கி, வேலை செய்ய இடம் கொடுக்கும். வயிற்றுச் சாவித்துவாரத்தில் காபனீரொட்சைட்டு வாயுவை ஊதி வயிற்றைத் தூக்கவேண்டும். நெஞ்சில் பெரும்பாலும் அது தேவைப்படாது. விலாக்கூடு கூரைபோலத் தானே நிற்கிறது. பிறகு சுண்டுவிரல் நுழையும் அளவில் இரண்டு மூன்று துளைகள். ஒன்றில் கமரா, மற்றவற்றில் நீண்ட பிடியுள்ள கருவிகள். சத்திர சிகிச்சை நிபுணர் நோயாளரின் நெஞ்சைப் பார்ப்பதில்லை. எதிரே இருக்கிற திரையைப் பார்க்கிறார். திரையில் நுரையீரல் பல மடங்கு பெருத்துத் தெரியும். கொப்புளம் உள்ள உச்சிப் பகுதியை ஸ்டேப்ளர் என்கிற கருவியால் கடித்துப் பிடித்தால், அது ஒரே நேரத்தில் தைக்கவும் செய்யும், நடுவே வெட்டவும் செய்யும். நுரையீரல் இனி விலகாதிருக்க, விலாவின் உட்புறச் சவ்வைச் சுரண்டிப் புண்ணாக்கியோ உரித்தெடுத்தோ விடுவார்கள். ஆறும்போது நுரையீரல் அதனோடு ஒட்டிக்கொள்ளும். மூழ்கப் போகிறவர் என்றால் சுரண்டலோடு நிறுத்தாமல் உரித்தே எடுப்பது வழக்கம். சில வேளை இரண்டு பக்கமும்.

இங்கே ஒரு நேர்மையான கணக்கையும் சொல்லவேண்டும். நெஞ்சைத் திறந்து செய்தால் நோய் திரும்புவது நூற்றுக்கு ஒருவரளவில். சாவித்துவாரத்தில் ஐவரளவில். நோவு குறைவு, வீடு திரும்புவது விரைவு என்பதற்காக அந்தச் சிறு வித்தியாசத்தைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். கடலுக்குத் திரும்ப நினைக்கிறவர் அதைக் கேட்டறிந்து, வைத்தியரோடு பேசியே முடிவெடுக்கவேண்டும்.

நெஞ்சுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற யோசனை இன்று நேற்று வந்ததல்ல. 1866இல் டப்ளினில், நெஞ்சில் சீழ் கட்டிய பதினொரு வயதுச் சிறுமியின் காயத் துளை வழியாக பிரான்சிஸ் குரூஸ் என்ற வைத்தியர் விளக்கொளியோடு உள்ளே பார்த்திருக்கிறார். ஆனால் இதை ஒரு முறையாக நிலைநாட்டியவர் ஸ்டொக்ஹோமைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஜக்கோபேயஸ். அவர் கத்தி பிடிக்கும் சத்திர சிகிச்சை நிபுணரே அல்லர், பொது வைத்தியர். சிறுநீர்ப் பையைப் பார்க்கிற குழாயை எடுத்து நெஞ்சுக்குள் விட்டால் என்ன என்று 1910இல் எழுதினார். அவர் முன்னே இருந்த நோய் காசநோய். அதற்கு அப்போது மருந்து இல்லை. இத்தாலியரான போர்லானினி காட்டிய வழியில், நெஞ்சுக்குள் வேண்டுமென்றே காற்றை ஏற்றி நுரையீரலைச் சுருக்கி, அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். சங்கு குளிப்பவரை ஆஸ்பத்திரிக்கு ஓடவைத்த அதே நிலைமை அன்றைக்குச் சிகிச்சை! நுரையீரல் விலாவோடு ஒட்டிப்போயிருந்தால் சுருங்காது. அந்த ஒட்டுகளைக் கண்டு, சூடான கம்பியால் சுட்டு அறுப்பதற்கே ஜக்கோபேயஸ் இரண்டு துளைகள் இட்டார். ஐரோப்பாவின் சனட்டோரியங்கள் எங்கும் இது பரவியது. கனேடிய வைத்தியர் நோர்மன் பெத்யூன், தாமே காசநோயாளியாகி இந்தக் காற்றுச் சிகிச்சையால் தேறியவர். நெஞ்சுக்குள் டல்க் (talc) என்கிற கற்பொடியைத் தூவி நுரையீரலை ஒட்டவைக்கிற முறையை 1935இல் அவர் தொடங்கிவைத்தார். திரும்பத் திரும்ப நீர் கட்டுகிற புற்றுநோயாளருக்கு அந்தப் பொடி இன்றும் பயன்படுகிறது.

தமிழர் பக்கத்திலும் இந்தக் கதைக்குக் கிளைகள் உண்டு. தாம்பரத்தில் 1928இல் டேவிட் சௌரிமுத்து என்ற தமிழ் வைத்தியர் ஒரு காசநோய் சனட்டோரியத்தைத் தொடங்கினார். அந்த இடத்து ரயில் நிலையம் இன்றும் சனடோரியம் என்ற பெயரிலேயே நிற்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் அமெரிக்கரான ரீவ் பெட்ஸ் நெஞ்சு சத்திர சிகிச்சைத் துறையை நிறுவினார். இந்தியாவில் அதுவே முதலாவது. இரட்டை வழி மூச்சுக் குழாயைச் சுவீடன் வைத்தியர் எரிக் கார்லன்ஸ் உலகுக்குச் சொன்னதும் அதே 1949இல். ஆனால் சனட்டோரிய காலத்துக்கு முடிவு கட்டிய ஆய்வுகளில் ஒன்றும் சென்னையில்தான் நடந்தது. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், ஒரு பகுதி நோயாளரைச் சனட்டோரியத்திலும் மறு பகுதியினரை நெரிசலான அவர்களின் சொந்த வீடுகளிலும் வைத்து, ஒரே மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் வெளிவந்த முடிவு, வீட்டில் இருந்தாலும் ஏறக்குறைய அதே அளவு குணம் என்றது. படுக்கையும் மலைக்காற்றும் தேவையில்லை, மாத்திரை போதும். காற்று ஏற்றும் வேலையும் போனது, அதற்காக ஒட்டறுக்கும் துளைகளும் போயின. ஜக்கோபேயஸின் குழாய் முப்பது வருடங்களுக்கு மேல் பல நாடுகளில் அலுமாரிக்குள் கிடந்தது. சிறிய வீடியோ கமரா வந்து, 1980களின் கடைசியில் பித்தப்பையைச் சாவித்துவாரத்தால் எடுக்கப் பழகிய பிறகே அது தூசு தட்டி வெளியே எடுக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் புற்றுநோய்க்காக நுரையீரலின் ஒரு மடலையே இப்படி அகற்றினார்கள். 2010இல் ஸ்பெயினில் டியேகோ கொன்சாலெஸ் ரிவாஸ் அதையே ஒரேயொரு துளை வழியாகச் செய்தார்.

காசநோய் இலங்கையை விட்டு இன்னும் போகவில்லை. ஆண்டுதோறும் பல ஆயிரம் நோயாளர் பதிவாகிறார்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மார்பு நோய் சிகிச்சை நிலையம் இருப்பதும் இதற்காகவே. அங்கே அடிக்கடி காதில் விழும் சொல் ‘நெஞ்சில தண்ணி கட்டியிருக்கு’ என்பது. இந்தத் தண்ணீர் ஒரு நோயின் பெயரல்ல. பல நோய்களின் அடையாளம். காசநோயாக இருக்கலாம், இதயம் சோர்ந்ததாக இருக்கலாம், மார்பகத்திலோ நுரையீரலிலோ தொடங்கிய புற்றுநோய் பரவியதாக இருக்கலாம். ஊசியால் கொஞ்சம் இழுத்துச் சோதித்தால் பலருக்குப் பதில் கிடைத்துவிடும். எல்லோருக்கும் கிடைப்பதில்லை. புற்றுநோயால் கட்டிய நீரிலேகூட, நூற்றில் அறுபது பேரளவில்தான் அந்த உயிரணுக்கள் நீரில் அகப்படும். முன்பெல்லாம் அடுத்த படி, தடித்த ஊசி ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு செருகி, அகப்பட்ட சவ்வைக் கிள்ளி எடுப்பது. புற்றுநோய் சவ்வில் அங்கங்கே திட்டுத் திட்டாகப் படர்வது. கிள்ளின இடத்தில் அது இல்லாவிட்டால் அறிக்கையிலும் இராது.

கமரா உள்ளே போனால் இந்தக் குருட்டாட்டம் முடிகிறது. சவ்வில் எங்கே வெள்ளை முடிச்சு இருக்கிறது, எங்கே அரிசிக் குருணைபோலக் காசநோய்ப் புள்ளிகள் தூவிக் கிடக்கின்றன என்று கண்ணால் கண்டு, அந்த இடத்திலேயே துண்டு எடுக்கலாம். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் நோய் இன்னதென்று தெரிந்துவிடும். இதற்கு எப்போதும் முழு மயக்கமும் தேவையில்லை. விலா இடுக்கை விறைக்கச் செய்து, கொஞ்சம் தூக்க மருந்து கொடுத்து, ஒரே துளையில் மார்பு நோய் வைத்தியரே செய்யலாம். நோயாளர் தாமே மூச்சு விட்டபடி சரிந்து படுத்திருப்பார். ஜக்கோபேயஸ் செய்ததும் இதுதான்; அந்த வகையில் அவருடைய முறை சுற்றிவந்து பழைய இடத்துக்கே சேர்ந்திருக்கிறது.

இப்படிப் பார்த்தே பெரும்பாலும் உறுதிசெய்யப்படுகிற நோய் ஒன்று துறைமுகங்களோடு ஒட்டிப் பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கப்பல்களின் கொதிகலன்களையும் நீராவிக் குழாய்களையும் அஸ்பெஸ்டஸ் நாரால் பொதிந்தார்கள். பிரித்தானியாவின் டெவன்போர்ட் போன்ற கடற்படைத் தளங்களில் அந்தப் பொதியை உரித்து மாற்றிய தொழிலாளர் பலருக்கு, இருபதிலிருந்து ஐம்பது வருடம் கழித்து, நெஞ்சுச் சவ்வில் மீசோதீலியோமா என்கிற புற்றுநோய் வந்தது. அஸ்பெஸ்டஸுக்கும் அதற்கும் உள்ள தொடர்பை 1960இல் தென்னாபிரிக்காவில் வாக்னரும் கூட்டாளிகளும் 33 நோயாளரை வைத்து எழுதிக் காட்டினார்கள். அதே கடற்படைதான் 1957வரை திருகோணமலை டொக்யார்ட்டிலும் இருந்தது. ஆகவே நெஞ்சில் நீர் கட்டி வருகிற முதியவரிடம், அந்தக் காலத்தில் டொக்யார்ட்டில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று வைத்தியர் கேட்டால் அது வீண் விசாரணை அல்ல.

கப்பல் போனாலும் அஸ்பெஸ்டஸ் போகவில்லை. அது கூரையில் இருக்கிறது. நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987இல் தடைசெய்தது. கூரைத் தகட்டில் கலக்கிற வெள்ளை வகையை 2018 ஜனவரியிலிருந்து படிப்படியாக நிறுத்த எண்ணியபோது, 2017 டிசம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தடை போட்டது. பொதியில் வண்டு இருந்ததாம். வெள்ளை அஸ்பெஸ்டஸின் பெரிய ஏற்றுமதியாளரும் ரஷ்யாதான். அஸ்பெஸ்டஸ் தடையை இலங்கை தள்ளிவைத்தது. தேயிலைக்கும் வழி திறந்தது. சீமெந்தோடு இறுகிய தகடு தலைக்கு மேல் சும்மா கிடக்கும்வரை ஆபத்து குறைவு. வெட்டும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கிற தூசுதான் பகை. முகத்தில் துணிகூடக் கட்டாமல் கிரைண்டரால் தகடு அறுக்கிற மேசன்மாரை எந்தத் தெருவிலும் காணலாம்.

நீர் சீழாக மாறினால் கதை அவசரமாகிவிடுகிறது. நியூமோனியா காய்ச்சலுக்குப் பிறகு, பிள்ளைகளுக்கும் நீரிழிவுள்ள பெரியவர்களுக்கும் இது வரக்கூடும். முதல் சில நாட்களில் நீர் தெளிவாக ஓடும். குழாய் போட்டால் இறங்கிவிடும். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் உள்ளே ஒட்டடைபோல நார்கள் படிந்து, சீழ் அறை அறையாகப் பிரிந்து நிற்கும். ஒரு குழாய் ஓர் அறையைத்தான் வடிக்கும். சாவித்துவாரம் தன் வல்லமையைக் காட்டுவது இந்தக் கட்டத்தில்தான். கமராவை விட்டு நார்களை அறுத்து, அறைகளை ஒன்றாக்கி, கழுவி விடலாம். இதையும் தவறவிட்டு ஒன்றரை மாதமளவில் போனால் நார் தடித்து, தேங்காய்ப் பொச்சு மாதிரி நுரையீரலை இறுக்கிவிடும். அதை உரித்தெடுக்கக் கைதேர்ந்தவருக்குக்கூடப் பெரும்பாலும் நெஞ்சைத் திறக்கவேண்டியிருக்கும். துளையா வெட்டா என்பதைத் தீர்மானிக்கிறது, பெரும்பாலும், நோயாளர் எத்தனை நாள் பிந்தி வந்தார் என்பதே.

திருகோணமலைக்காரருக்கு இந்த நாட்கணக்கில் தூரமும் சேர்ந்துகொள்கிறது. நெஞ்சுக் குழாய் போடுவது, நீர் இறக்குவது, எக்ஸ்றே, சளிச் சோதனை எல்லாம் மாவட்டத்துக்குள்ளேயே முடியும். நெஞ்சு சத்திர சிகிச்சைக்கென்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலை, வெலிசறை தேசிய சுவாச நோய் வைத்தியசாலை போன்ற பெரிய இடங்களுக்குத் துண்டு எழுதுவார்கள். கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். அரச ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சைக்குக் காசு இல்லை என்றாலும், கூடப் போகிறவரின் பஸ் காசு, சாப்பாடு, தங்குமிடம், விட்டுப்போன நாட்கூலி எல்லாம் சேர்ந்து ஒரு மீனவக் குடும்பத்தை யோசிக்க வைக்கும். முன்பு இதைவிடக் கடினம். கிண்ணியாவிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு வருவதே ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடலைக் கடந்துதான். 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் 2009 ஒக்ரோபரில் திறந்த பிறகே ராத்திரியில் மூச்சு முட்டினவரை வாகனத்தில் ஏற்றி நேரே கொண்டுவர முடிந்தது. இப்போது 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். திடீரென்று நெஞ்சில் குத்தி மூச்சு முட்டினால் பஸ்ஸுக்குக் காத்து நிற்கக்கூடாது. பெருத்த காற்று இதயத்தை நசுக்குகிற நிலைமையில் ஒரு தடித்த ஊசி போதும் உயிர் தப்ப. அந்த ஊசிக்குக் கொழும்பு போகவேண்டியதில்லை, பக்கத்து ஆஸ்பத்திரி போதும்.

நியூமோனியாவுக்கு மருந்து தொடங்கி மூன்று நாளாகியும் காய்ச்சல் விடாவிட்டால், விட்ட காய்ச்சல் திரும்பினால், ஒரு பக்கம் சரிந்து படுக்கமுடியாமல் போனால் மறுபடி ஒரு எக்ஸ்றே கேட்பது நல்லது. பழைய எக்ஸ்றே படங்களையும் கிளினிக் கொப்பியையும் எறியாமல் கொண்டுபோனால் பெரியாஸ்பத்திரியில் ஒரு வாரம் மிச்சமாகும். சென்னைக்குப் போய்ச் செய்யலாம் என்று விமானம் ஏறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பறக்கிற விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 2,400 மீற்றர் மலை உச்சியில் இருப்பதற்குச் சமம். நெஞ்சில் தேங்கிய காற்று அங்கேயும் பெருக்கும். அது முற்றாக வற்றி, வைத்தியர் சம்மதித்த பிறகே பறக்கலாம்.

புற்றுநோயில் சாவித்துவாரம் பழைய முறைக்கு ஈடாகுமா என்ற சந்தேகம் வைத்தியர்களிடையே நெடுநாள் இருந்தது. கட்டியை முழுதாக எடுக்காமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம். பிரித்தானியாவில் ஒன்பது வைத்தியசாலைகளில் 503 நோயாளரை இரண்டு பகுதியாக்கிச் செய்த ‘வயலட்’ ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. சாவித்துவாரப் பகுதியினர் ஒரு நாள் முந்தி வீடு போனார்கள், ஐந்தாம் வாரத்தில் கூடுதலாக நடமாடினார்கள்; புற்றுநோயை அகற்றியதில் குறை இல்லை. உணவுக்குழாய்ப் புற்றுநோயில் வழிகாட்டியவர்களில் ஒருவர் கோயம்புத்தூர் வைத்தியர் சி. பழனிவேலு. உணவுக்குழாய் நெஞ்சின் பின்பகுதியில், முதுகெலும்பை ஒட்டி ஓடுகிறது. நோயாளரைச் சரித்துப் படுக்கவைத்தால் நுரையீரலும் இரத்தமும் பார்வையை மறைக்கும். குப்புறப் படுக்கவைத்தால் இரண்டும் தம் பாரத்திலேயே முன்பக்கம் சரிந்து, உணவுக்குழாய் தெளிவாகத் தெரியும். அப்படி 130 பேருக்குச் செய்த அனுபவத்தை அவருடைய குழு 2006இல் அமெரிக்கச் சத்திர சிகிச்சை இதழில் வெளியிட, உலகின் பல நாடுகளில் அந்த முறையைப் பின்பற்றினார்கள். வெற்றிலைக்குள் புகையிலை வைத்து மெல்லுகிற ஊர்களுக்கு இந்தச் செய்தி தூரத்துச் செய்தி அல்ல.

சின்னத் துளை என்பதால் சின்னச் சத்திர சிகிச்சை என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே நடப்பது அதே வேலை. அதே இரத்தக் குழாய்களுக்குப் பக்கத்தில்தான் கத்தி போகிறது. பழைய காசநோயால் நுரையீரல் விலாவோடு பசைபோல ஒட்டியிருந்தால் கமராவுக்கு இடமே கிடைக்காது. இரத்தம் கசிந்தால் உடனே நெஞ்சைத் திறக்கவேண்டி வரும். கையொப்பம் வாங்கும் படிவத்தில் ‘தேவைப்பட்டால் திறப்போம்’ என்று எழுதியிருப்பது இதற்காக. துளையோடு முடிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற வைத்தியரைவிட, நேரம் அறிந்து திறக்கிறவரே நம்பத் தகுந்தவர். துளை சிறிது என்பதற்காக எல்லாவற்றையும் எடுத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. யுத்த காலத்து ஷெல் துண்டு உடம்பில் இருப்பவர்கள் கிழக்கில் ஏராளம். நெஞ்சில் இருப்பது தொந்தரவு தராவிட்டால் பெரும்பாலும் அதை அப்படியே விட்டுவிடுவார்கள், ஆனால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன்னர் அதைச் சொல்லியே ஆகவேண்டும், காந்தம் இரும்பை அசைக்கும்.

சத்திர சிகிச்சை முடிந்த மறுநாள் விடுதியில் காண்கிற காட்சி வேறு. ஒரு கையில் குழாய் வந்து சேரும் போத்தலைத் தூக்கிக்கொண்டு, மறு கையால் கட்டிலைப் பிடித்தபடி நடக்கச் சொல்வார்கள். போத்தல் நெஞ்சு மட்டத்துக்கு மேலே போகக்கூடாது. போனால் தண்ணீர் உள்ளே திரும்பும். இருமச் சொல்வார்கள், இருமும்போது தலையணையைக் காயத்தில் அணைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பிறகு மூன்று பந்து உள்ள பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றைக் கையில் தருவார்கள். ஊதுவதல்ல, குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுக்கவேண்டும். இழுக்க இழுக்கப் பந்துகள் எழும்பும். தம் பிடித்து நெடுநேரம் கடலடியில் நின்று பழகியவருக்கும் முதல் நாள் ஒரு பந்துதான் எழும்பும்.

“இன்னொருக்கா இழுங்கோ தம்பி,” என்பார் தாதி மிஸ்ஸி. இரண்டாவது பந்து பாதிவரை வந்து, நடுங்கி, கீழே விழும்.